பாரிசுக்குச் சாமத்திய வீட்டுக்குப் போன கதை

தங்கச்சியின் மூத்தவளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. நான் தாய்மாமன். நான் போகாமல் தண்ணீர் வார்க்க முடியாது என்பதால் மண்டபத்துக்குத் திகதி எடுக்க முன்னமே என்னைக் கேட்டார்கள். என் லீவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஐயரின் நேரம், வீடியோக்காரரின் நேரம் எல்லாம் ஒத்து வந்தது 2026 தைப்பொங்கல் கழிந்து வந்த ஒரு சனிக்கிழமை.

நாங்கள் இருக்கும் லண்டன் ஹரோவிலிருந்து, தங்கச்சி இருக்கும் பாரிஸ் புறநகர் லாக்கூர்நெவ் ஒன்றும் பெரிய தூரமில்லை. பிரெக்சிட்டுக்கு முதல் என்றால், வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டுக் காரில் ஏறினால் விடியமுன் தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். பிரெஞ்சுப் பொலிஸ்காரர் பாஸ்போர்ட்டின் மட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குக் காலையில் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அன்றிரவே திரும்புகிறவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். லண்டனில் கிடைக்காத சாமான் என்று ஒன்றுமில்லைதான். ஆனாலும் கலியாண உடுப்பும் நகையும் அங்கே வாங்கினால்தான் சிலருக்குத் திருப்தி.

இந்த முறை புறப்படுவதற்கு முதல் வீட்டில் நடந்த ஆராய்ச்சியைப் பார்த்தால் ஏதோ சந்திரனுக்குப் போகிறோம் என்று நினைப்பீர்கள். சித்தி விடியப்புறம் எழும்பிச் செய்து தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஹரோவிலேயே நின்றுவிட்டது. 2021 முதல் பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் சாமான்களும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. வெற்றிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், அதனால் அதை லாச்சப்பலில் வாங்கச் சொல்லியாயிற்று. சான்றிதழ் இல்லாமல் விடுகிற பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன். பிரசெல்ஸில் இந்தப் பட்டியலை எழுதிய புண்ணியவான் யாரோ, எங்கள் தாம்பாளத்துக்கு வேண்டியதில் பாதியை விட்டு வைத்திருக்கிறார்.

குளிர், இரவு ஓட்டம், அம்மாவின் முழங்கால் எல்லாவற்றையும் யோசித்துக் காரை விட்டுவிட்டுக் கோச் பஸ்ஸில் பதிந்தோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஒக்டோபர் 12 முதல், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத செங்கன் நாடுகள் 29இலும் இ.இ.எஸ் என்ற புதுமுறை ஆரம்பித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து குறுகிய காலத்துக்கு வருகிறவர்களின் வரவையும் போக்கையும் கணினியில் பதிகிறார்கள். முதல் தடவை முகத்தைப் படம் எடுத்து, நான்கு விரல்களின் ரேகையும் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் படம் மட்டும். கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடம் அந்தப் பதிவு இருக்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற பழக்கத்துக்குப் பதிலாகத்தான் இதெல்லாம். ஆனால் 2026 ஏப்ரல் 10 அன்றுதான் எல்லா வாசல்களிலும் முழுமையாக வருவதாக இருந்ததால், அதுவரை விரலும் வைக்கவேண்டியிருந்தது, முத்திரையும் குத்தினார்கள்.

இதற்கான சட்டத்தை 2017இலேயே நிறைவேற்றிவிட்டார்கள். 2020இல் தொடங்குவோம் என்றார்கள், பிறகு 2022 என்றார்கள், அடுத்தது 2023. 2024 நவம்பரில் வந்தே தீரும் என்று சொல்லி, கடைசி நேரத்தில் ஜெர்மனியும் பிரான்சும் நெதர்லாந்தும் நாங்கள் ஆயத்தமில்லை என்று கையை விரித்தன. இத்தனை வருடம் எடுத்துச் செய்த வேலைக்கு வரிசை கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாம். 2025 டிசம்பரில் ஐரோப்பிய விமான நிலையங்களின் அமைப்பே, எல்லையில் ஆட்களைச் சரிபார்க்க எடுக்கும் நேரம் 70 வீதம் வரை கூடிவிட்டது என்றது. லிஸ்பன் விமான நிலையத்தில் சனம் தாங்காமல் போர்த்துக்கல் அரசாங்கம் அந்த வருட முடிவில் இந்த முறையை அங்கே மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தது.

கடல் வழியாகவும் சுரங்கம் வழியாகவும் போகிறவர்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. டோவர், போக்ஸ்டன், லண்டன் சென் பங்கிராஸ் ஆகிய மூன்று இடங்களிலும் பிரெஞ்சுப் பொலிஸ் இங்கிலாந்து மண்ணிலேயே நின்று பார்க்கும். ஆகவே பிரான்சுக்குள் நுழைவதற்கான வரிசையை இங்கிலாந்தின் குளிருக்குள் நிற்கிறோம். ஒக்டோபரில் முதலில் மாட்டிக்கொண்டது கோச்சில் போகிறவர்களும் லொறிக்காரரும். கார்க்காரருக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

டோவரில் எங்களை இறக்கிய மண்டபத்தில் ஐரோப்பியப் பாஸ்போர்ட் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். என் மனைவி சின்ன வயதில் நெதர்லாந்தில் வளர்ந்தவ, டச்சுப் பாஸ்போர்ட். அவ கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டா. நான், அம்மா, மகள், மகன் நால்வரும் நீலப் பாஸ்போர்ட்டோடு இந்தப் பக்கம். சாப்பாட்டுப் பை மனைவியின் தோளில். மகனுக்கு ஒன்பது வயது, பசி வந்தால் உலகம் நின்றுவிட வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று அவ பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக் காட்ட, இவன் இங்கே நின்று அழ, பாதுகாப்புக்கு நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு "நோ, நோ" என்று தலையாட்ட, அப்படியே நேரம் போனது. நாங்கள் பதிந்திருந்த கப்பல் போய்விட்டதைக் கோச் சாரதி வந்து சொன்னார். அவருக்கு அது புதினமாகத் தெரியவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். வருடத்தில் சில தடவை பாரிசுக்குப் போய் வருகிறவர்கள் போல. அந்த மனுசி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: எங்களைக் குற்றவாளிகள் போல நடத்துகிறார்கள். நான் தலையாட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும், கதைப்பது குறைவு. அவ ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் முறை வந்தது. படம் எடுத்தார்கள், சரி. வலது கையின் நான்கு விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் சிவப்பு. அழுத்தி வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் சிவப்பு. அந்தப் பொலிஸ்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பொறுமைசாலி. ஈரக் கடதாசியால் விரலைத் துடைத்துப் பார்க்கச் சொன்னான், பிறகு ஊதிப் பார்க்கச் சொன்னான், பிறகு எழும்பி வந்து தன் கையை அம்மாவின் கைக்கு மேலே மெல்ல வைத்து அழுத்தினான். வந்த புதிதில் அம்மா ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவ. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரு பாடசாலைச் சமையலறை. விரல் நுனியெல்லாம் வழுவழுப்பு. இடது கையைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, இதுக்கும் என்னில சந்தேகமோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா.

அந்த "இதுக்கும்" எனக்குத்தான் விளங்கும். அகதி விண்ணப்பம் கொடுக்கிறவர்களின் விரல் ரேகையை எடுக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதற்கு அடுத்த வருடம் வந்திறங்கியவ அம்மா. குரொய்டனில் ஓர் அலுவலகத்தில் பத்து விரலையும் மையில் தோய்த்து ஒவ்வொன்றாக உருட்டி எடுத்ததையும், மை போகாமல் இரண்டு நாள் வலது கையால் சாப்பிட மனமில்லாமல் இருந்ததையும் நாங்கள் சின்னனில் பலமுறை கேட்டிருக்கிறோம். இப்போது பிரித்தானியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிரசை, பேத்தியின் கொண்டாட்டத்துக்குப் போகிறவ. கடைசியில் மூன்று விரலோ நான்கு விரலோ பதிந்தது. அதன் பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்து, டக்கென்று ஒரு முத்திரையும் குத்தினான்.

முன்னால் நின்ற மனுசியின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அதே கோபம்தான், கப்பல் போனது எனக்கும்தான். ஆனால் இந்த வரிசைகளின் வரலாற்றில் எங்கள் சனத்துக்கு ஒரு பழைய பங்கு இருக்கிறது. கொமன்வெல்த் நாடுகளில் முதன்முதலாக பிரித்தானியா விசா கேட்டது இலங்கையரிடம், 1985 மே மாதம். காரணம் அந்த நேரம் வந்திறங்கிய தமிழர்கள். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஓடுபாதைப் பக்கமாக உடுப்பைக் களைந்து மறியல் செய்தார்கள். அதே வருடம் ஒரு சட்டம் வந்தது: சரியான பத்திரம் இல்லாத ஒரு பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு 1000 பவுண் தண்டம். அன்றிலிருந்து விசா பார்க்கும் வேலை ரிக்கெற் கொடுக்கிற மேசைக்கு இடம்மாறியது.

அதே யோசனைதான் இப்போது ஈ.ரி.ஏ என்ற பெயரில், விசா தேவையில்லாதவர்களும் பிரித்தானியாவுக்குப் புறப்பட முதல் எடுக்கவேண்டிய அனுமதியாக, எல்லோருக்கும் வருகிறது. இந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் பிரெஞ்சுக்காரரைத் திட்டிக்கொண்டிருக்க, தங்கச்சியின் புருசன் பிரித்தானியாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஐந்து பேருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். முந்தி அடையாள அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள். 2021 ஒக்டோபரோடு அது செல்லாது என்றாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து ஈ.ரி.ஏ எடுக்கவேண்டும். 2026 தொடக்கத்தில் ஆளுக்கு 16 பவுண், கைக்குழந்தைக்கும் அதேதான். ஐந்து பேருக்கு 80 பவுண். இரண்டு வருடத்துக்குச் செல்லும், இடையில் பாஸ்போர்ட் மாறினால் மறுபடி எடுக்கவேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டார்கள். 2026 பெப்ரவரி 25ஆம் திகதியிலிருந்து அது இல்லாதவரை ஏற்றவே கூடாது என்று விமானம், ரயில், கப்பல் எல்லாவற்றுக்கும் சொல்லியாயிற்று.

மச்சான் சொன்னார்: "நீங்கள் எங்கட விரலை எடுக்கேல்ல, காசை எடுக்கிறீங்கள். நாங்கள் உங்கட காசை எடுக்கேல்ல, விரலை எடுக்கிறம்." அதுவும் கன நாளைக்கு இல்லை. 2026 கடைசியில் ஐரோப்பாவும் எற்றியாஸ் என்று அதே மாதிரி ஒன்றைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறது, 20 யூரோ. பதினெட்டுக்குக் கீழேயும் எழுபதுக்கு மேலேயும் கட்டணம் இல்லை. அம்மாவுக்குக் காசு மிச்சம், விண்ணப்பம் மிச்சமில்லை.

இந்த மாதிரிச் செலவுகளைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பாரிசுக்குப் போய் வருகிற செலவில் 20 யூரோ எந்த மூலைக்கு? எனக்குக் குத்துவது வேறு ஒன்று. அம்மா தன் மகள் வீட்டுக்குப் போகிறா. சட்டத்தின் கண்ணில் அவ ஒரு சுற்றுலாக்காரி. எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. முந்தியெல்லாம் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தால் அம்மா போய், பத்தியக்கறி காய்ச்சிக் கொடுத்து, பிள்ளை கவிழும்வரை நின்றுவிட்டு ஆறுதலாக வருவா. பிரெக்சிட்டுக்குப் பிறகும் முத்திரை சரியாகத் தெரியாமல், எண்ணுகிறவர் பக்கத்தைத் தேடிக் களைத்துப்போய், சில பேரின் கணக்கு அப்படி இப்படி ஓடியது. இனிமேல் கணினி எண்ணும். அதற்குப் பத்தியக்கறி தெரியாது. நீண்டகால விசா எடுக்கலாம் என்கிறார்கள், எடுக்கலாம்தான். வருமானக் கணக்கு, காப்புறுதி, நேர்முகத்துக்கு அலைச்சல் எல்லாம் சேர்த்து, மகள் வீட்டில் இருக்க அம்மாவுக்கு.

தங்கச்சி ஒரு முன்யோசனைக்காரி. சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்களிடம் எல்லையில் ஒரு தங்குமிடப் பத்திரம் கேட்கலாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, மெரி என்று அவர்கள் சொல்லும் நகரசபைக்குப் போனா. வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளத்துண்டு, வீடு எத்தனை சதுர மீட்டர் என்ற விபரம், அதற்கு மேல் 30 யூரோ முத்திரைக் கட்டணம். இவ்வளவும் தன் தாயைத் தன் வீட்டில் படுக்க விடுவதற்கு. பத்திரத்தின் மூலப்பிரதியைப் பதிவுத் தபாலில் லண்டனுக்கு அனுப்பி, அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு கைப்பைக்குள் வைத்து, அங்கே நின்ற நேரமெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து கோச்சில் ஏறிய பிறகு அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை.

இவ்வளவும் பாஸ்போர்ட் உள்ளவர்களின் பாடு. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பராமரிப்பு வேலை விசாவில் இங்கே இருக்கிறான், இலங்கைப் பாஸ்போர்ட். போன இலையுதிர் காலத்தில் பாரிசில் அவனுடைய பெரியப்பா மோசம் போனார். சின்னனில் அவனைத் தூக்கி வளர்த்தவர். செங்கன் விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி, விண்ணப்பம் பார்த்து முடிக்க 15 நாள், சிலருக்கு 45 நாள்வரை போகும். அதற்கு முதல் விண்ணப்பம் கொடுக்கவே திகதி கிடைக்கவேண்டும், கிடைத்தது மூன்று கிழமை தள்ளி. செத்தவீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கிற ஆள் யார்? அவன் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இடைவேளை கேட்டு, காரில் போய் இருந்து, தொலைபேசியில் நேரலையாகத் தகனத்தைப் பார்த்தான். வாட்ஸப்பில் எல்லோரும் கும்பிடுகிற படம் போட்டுக்கொண்டிருக்க, அவன் ஒரு சொல்லும் எழுதவில்லை.

சாமத்திய வீடு நன்றாக நடந்தது. தண்ணீர் வார்க்கிற நேரத்துக்கு ஈரத்தலையோடு ஓடிப்போய் நின்றேன், வீடியோவில் என் கண்ணைப் பார்த்தால் தெரியும் நித்திரை இல்லை என்று. பலகாரத் தட்டில் பயத்தம் உருண்டை பாதி உதிர்ந்திருந்தது. திரும்பி வருகிற வழியில் பிரான்சின் கலே துறைமுகத்தில் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து விரைவாக விட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். இரண்டாம் தடவை சுகம்தான். மனைவி வீட்டுக்கு வந்த அன்றே டச்சுத் தூதரகத்தில் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்கு நேரம் பதிந்துவிட்டா. பிறப்பால் அவர்களும் டச்சுக்காரர்தானே. இனி டச்சு மட்டையைக் காட்டிப் போய், பிரித்தானிய மட்டையைக் காட்டி வருவார்கள். நானும் அம்மாவும் மட்டும் அந்தப் பக்கத்தில் நிற்போம். பிஸ்கட் பெட்டி இந்தமுறை என்னிடம் இருக்கும்.

இப்போது வீட்டு வாட்ஸப்பில் ஓடுவது அடுத்த பிரச்சினை. சித்தியின் மகனுக்கு அடுத்த வருடம் கலியாணம், பெண் சுவிஸ். எங்கே வைப்பது? லண்டன் என்றால் சுவிஸ்காரர், பிரான்சுக்காரர், ஜெர்மன்காரர் எல்லோருக்கும் ஈ.ரி.ஏ. அதைவிட, தங்கச்சியின் மாமியார் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரான்சில் பத்து வருட வதிவிட அட்டையில் இருக்கிறா, அவவுக்குக் காசு கட்டி முழு விசா எடுக்கவேண்டும், எழுபத்தெட்டு வயதில் விரல் கொடுக்கப் போகவேண்டும். சூரிச் என்றால் அவவுக்கும் மற்றவர்களுக்கும் பிரச்சினை இல்லை, லண்டன்காரர் நாற்பது பேரும் வரிசையில் நிற்கவேண்டும், பராமரிப்பு விசாத் தம்பி வரவே முடியாமல் போகலாம். ஒருவர் அட்டவணை போட்டு அனுப்பினார், பெயர், பாஸ்போர்ட், எந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்று. அட்டவணையைப் பார்த்துவிட்டு பெரியம்மா குரல்பதிவு போட்டா: ஏன் இந்தக் கரைச்சல், எல்லாரும் யாழ்ப்பாணத்துக்கு வாங்கோ, நல்லூரில தாலியைக் கட்டுவம்.

எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு மச்சான் கணக்குப் பார்த்தார். பிரித்தானிய, பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன், சுவிஸ் பாஸ்போர்ட்காரர் அத்தனை பேருக்கும் சுற்றுலா அனுமதி வேண்டும், பெரியவர்களுக்கு அப்போதைய கட்டணம் ஆளுக்கு 50 டொலர், முப்பது நாள். ஊரில் பிறந்தவர்களுக்கும் அதே 50 டொலர்தான். ஒரு சதமும் கட்டாமல், ஒரு விசாப் படிவமும் நிரப்பாமல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நேரே வெளியே வரக்கூடியவர்கள் எங்கள் பட்டியலில் இரண்டே பேர்: பராமரிப்பு விசாத் தம்பியும் தங்கச்சியின் மாமியாரும். மாமியார் உடனே ஒரு குரல்பதிவு போட்டா. பெட்டி கட்டவா என்று கேட்கிறா.